சின்ன கம்பெனி ஃபீல்டு வாட்ச்: தாளில் அளவு எழுதுவது முதல் மழைக்காலப் பராமரிப்பு வரை

நான் கட்டட சைட்டுகளில் நாள் முழுக்க நிற்கிற வேலையில் இருக்கிறேன். வெயில், வியர்வை, சிமெண்ட் தூசி, அவ்வப்போது கம்பியில் கை இடிப்பது, இதையெல்லாம் தாங்குகிற, ஒரே பார்வையில் மணி தெரிகிற ஒரு வாட்ச் வேண்டும் என்று தேடித்தான் ஃபீல்டு வாட்ச் பக்கம் வந்தேன். அப்புறம்தான் இரண்டு மூன்று பேர் சேர்ந்து நடத்துகிற சின்னச் சின்ன வாட்ச் கம்பெனிகள் பல நாடுகளில் இருப்பதும், 200 முதல் 500 டாலருக்குள் அவர்கள் நல்ல சாமான் தருவதும் தெரிந்தது. இதுவரை நான்கு வாங்கியிருக்கிறேன். மூன்று நன்றாக ஓடுகின்றன, ஒன்றில் அடிபட்டேன்.

அந்த ஒன்றைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த வழிகாட்டியே அதிலிருந்துதான் பிறந்தது. வாங்கி இரண்டு வருடம் கழித்து, பக்கத்தில் இருக்கும் திருகு, வாட்ச்காரர்கள் கிரவுன் என்பது, தண்டு முறிந்து கையோடு வந்துவிட்டது. கம்பெனிக்கு மெயில் போட்டால் திரும்பி வருகிறது, வெப்சைட்டே இல்லை. பழக்கமான ரிப்பேர் கடைப் பெரியவரிடம் கொண்டுபோய், "ஐயா, கம்பெனியையே மூடிட்டாங்க" என்றேன். அவர் லென்ஸைக் கண்ணில் பொருத்திக்கொண்டே, "கம்பெனி இருந்தா என்ன, இல்லாட்டி என்ன தம்பி, உள்ள என்ன மிஷின்னு சொல்லுங்க" என்றார். செய்கோ என்எச்35. அதற்கான தண்டு அவருடைய டப்பாவிலேயே இருந்தது. புதுத் தண்டு நீளமாகத்தான் வரும். அதைக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டி, அரத்தில் தேய்த்து, செருகிப் பார்த்து, மறுபடி தேய்த்து, முறிந்த துண்டை எடுத்துவிட்டுப் பழைய கிரவுனையே அதில் முறுக்கி, அரை மணி நேரத்தில் வாட்ச்சைக் கையில் கொடுத்துவிட்டார்.

சின்ன கம்பெனியிடம் வாங்கும்போது நான் இப்போது பார்ப்பது இதைத்தான்: நாளைக்கு அந்தக் கம்பெனி இல்லை என்றாலும் இந்த வாட்ச்சை வேறு ஒருவர் சரிசெய்து தர முடியுமா? மிஷின், கண்ணாடி, ஸ்ட்ராப், தண்ணீர் புகாமல் தடுக்கும் ரப்பர் வளையம் என்று ஒவ்வொன்றாக இந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டே போனால் முக்கால்வாசித் தேர்வு தானாக முடிந்துவிடும்.

முதலில், ஃபீல்டு வாட்ச் எங்கிருந்து வந்தது

இரண்டாம் உலகப் போரின் கடைசியில் பிரிட்டிஷ் ராணுவம் தன் வீரர்களுக்கான கைக்கடிகாரம் எப்படி இருக்க வேண்டும் என்று ஒரு விவரக்குறிப்பு எழுதியது. கறுப்பு டயல், தெளிவான எண்கள், இருட்டில் ஒளிரும் முட்கள், உடைந்து தெறிக்காத கண்ணாடி, தண்ணீர் புகாத கேஸ் (வெளிக்கூடு), தேய்மானத்தைக் குறைக்க 15 கல் பதித்த மிஷின். டபிள்யூ.டபிள்யூ.டபிள்யூ (வாட்ச், ரிஸ்ட், வாட்டர்ப்ரூஃப்) என்ற மூன்று எழுத்துகள் பின்மூடியில் பொறிக்கப்பட்டன. ஒமேகா, லாஞ்சின்ஸ், ஐடபிள்யூசி, ஜெஜர்-லெகூல்த்ர, சீமா, வெர்டெக்ஸ், டிமோர் உட்பட 12 கம்பெனிகள் அந்த ஒரே குறிப்பை வைத்துச் செய்து 1945இல் கொடுத்தன. அந்தப் பன்னிரண்டையும் சேர்த்துத்தான் சேகரிப்பாளர்கள் இன்று 'டர்ட்டி டஜன்' என்கிறார்கள். அமெரிக்காவில் எல்ஜின், வால்தம், புலோவா செய்த ஏ-11, பிறகு 1964இல் வந்த மில்-டபிள்யூ-46374 என்ற மலிவு விலைக் குறிப்பு, எல்லாம் இதே வழிதான்.

ராணுவம் முதலில் தாளில் தேவையை எழுதியது, அப்புறம்தான் கம்பெனியைத் தேடியது. நாம் பெரும்பாலும் தலைகீழாகச் செய்கிறோம். அழகான போட்டோவைப் பார்த்து மனசைக் கொடுத்துவிட்டு, பிறகு அளவுகளைப் படித்து நம்மை நாமே சமாதானப்படுத்திக்கொள்கிறோம். அதனால் எந்த வெப்சைட்டையும் திறப்பதற்கு முன் ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 1: மணிக்கட்டை அளந்து எழுதுங்கள்

நூலைச் சுற்றிச் சுற்றளவு எடுப்பது எல்லோருக்கும் தெரியும். அதைவிட முக்கியம், மணிக்கட்டின் மேல்பக்கத் தட்டையான அகலம். கையை மேசையில் வைத்து, ஸ்கேலை மேலே படுக்க வைத்து, வளைவு ஆரம்பிக்கும் இடம்வரை எத்தனை மி.மீ. என்று பாருங்கள். எனக்கு 50. வாட்ச்சின் குறுக்களவு 38, 40 என்று பெரிய எழுத்தில் போடுவார்கள், ஆனால் கையில் உட்காருவதைத் தீர்மானிப்பது ஸ்ட்ராப் மாட்டும் மேல் கொம்பு நுனியிலிருந்து கீழ்க் கொம்பு நுனி வரையுள்ள நீளம். 38 மி.மீ. வாட்ச் ஒன்று கொம்பு நீண்டு 49 மி.மீ. வரை போகலாம், 40 மி.மீ. வாட்ச் ஒன்று 46இலேயே முடிந்துவிடலாம். இந்த நீளம் உங்கள் தட்டை அகலத்தைவிட இரண்டு மூன்று மி.மீ.யாவது குறைவாக இருக்கட்டும்.

நம்பிக்கை வரவில்லை என்றால் வீட்டில் கிடக்கும் பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையை எடுத்து, அந்த நீள அகலத்துக்கு வெட்டி, செலோடேப்பால் கையில் ஒட்டிக்கொண்டு அரை நாள் வேலை பாருங்கள். முனைகள் மணிக்கட்டைத் தாண்டி நீட்டிக்கொண்டு நின்றால் அந்த வாட்ச் உங்களுக்கு இல்லை. என் தம்பிக்கு இப்படித்தான் ஒரு 42 மி.மீ. ஆசை தீர்ந்தது. தடிமனையும் எழுதிக்கொள்ளுங்கள். 12 மி.மீ.க்கு மேல் போனால் முழுக்கைச் சட்டையின் பட்டி அதன்மேல் ஏறி உட்காரும்.

படி 2: மிஷினைத் தேர்ந்தெடுங்கள், வாட்ச்சை அப்புறம் பார்க்கலாம்

இந்தப் படியில்தான் அதிக நேரம் செலவழிக்கச் சொல்வேன். சின்ன கம்பெனிகள் அநேகமாக யாருமே சொந்தமாக மிஷின் செய்வதில்லை, செய்யவும் வேண்டியதில்லை. வெளியில் வாங்கிப் பொருத்துகிறார்கள். நம் பட்ஜெட்டில் நீங்கள் திரும்பத் திரும்பப் பார்க்கப்போகும் பெயர்கள் மூன்று நான்குதான்.

செய்கோ என்எச்35. செய்கோ தன் சொந்த வாட்ச்களில் போடும் 4ஆர்35தான், வெளியாட்களுக்கு விற்கும்போது இந்தப் பெயர். மணிக்கு 21,600 துடிப்பு, 24 கல், முழுச் சாவியில் 41 மணி நேரம் ஓடும். கையாலும் சாவி கொடுக்கலாம், நேரம் வைக்கும்போது வினாடி முள் நிற்கும். அதற்கு முந்தைய 7எஸ்26இல் இந்த இரண்டுமே கிடையாது. பலர் முதல் ஆட்டோமேட்டிக்காக (கை அசைவில் தானே சாவி ஏறும் வகை) வாங்கிய செய்கோ எஸ்என்கே809இல் இருந்தது அதுதான். என்எச்35இன் குறை, நாளைக்கு 20 வினாடி பின்னாலும் 40 வினாடி முன்னாலும் போகலாம் என்று தயாரிப்பாளரே எல்லை வைத்திருப்பது. நடைமுறையில் பெரும்பாலும் இதைவிட நன்றாகவே ஓடும், என்னுடையது நாளைக்கு 9 வினாடி முந்துகிறது. தடிமன் 5.3 மி.மீ., அதனால் வாட்ச்சும் கொஞ்சம் குண்டாகிவிடும்.

மியோட்டா 9015, தேதி இல்லாத அதன் தம்பி 9039. துடிப்பு 28,800, வினாடி முள் இன்னும் வழுவழுப்பாக நகரும், தடிமன் 3.9 மி.மீ.தான். மெல்லிய வாட்ச் வேண்டும் என்றால் இதுதான் வழி, விலை கொஞ்சம் ஏறும். ஒரு விஷயம் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள்: இதன் உள்சக்கரம் ஒரு பக்கம் சுழலும்போது மட்டும்தான் சாவி ஏற்றும், மறுபக்கம் சும்மா சுற்றும். கையைச் சட்டென்று உதறினால் உள்ளே என்னவோ கிர்ரென்று சுழன்று அடங்குவது தோலில் தெரியும். பழுது என்று பயந்து திருப்பி அனுப்பியவர்கள் உண்டு. பழுதில்லை, அதன் குணமே அப்படி. மியோட்டா சிட்டிசன் குழுமத்தின் கம்பெனி. பெங்களூரில் எச்எம்டி 1961இல் வாட்ச் செய்ய ஆரம்பித்ததும் சிட்டிசன் கூட்டில்தான், ஆக தாத்தா கட்டிய சாவி வாட்ச்சுக்கும் இதற்கும் தூரத்துச் சொந்தம் உண்டு என்று நினைக்கும்போது எனக்கு மனசு நிறையும்.

மூன்றாவது சுவிஸ் செல்லிட்டா எஸ்டபிள்யூ200. ஈட்டா 2824இன் காப்புரிமை காலம் முடிந்த பிறகு அதே வடிவமைப்பில் வந்தது. ஸ்வாட்ச் குழுமம் வெளியாட்களுக்கு ஈட்டா மிஷின் தருவதைக் குறைத்ததும் சின்ன கம்பெனிகள் பல இதற்கு மாறின. நல்ல மிஷின், ஆனால் அது உள்ளே போனதும் வாட்ச் விலை பெரும்பாலும் 500 டாலரைத் தாண்டிவிடும், சர்வீஸ் செலவும் அதற்கேற்ற மாதிரி இருக்கும்.

செல் போடும் குவார்ட்ஸைக் கேவலமாக நினைக்க வேண்டாம். மாதத்துக்கு 15, 20 வினாடிதான் தவறும், கீழே போட்டாலும் அவ்வளவு எளிதில் கெடாது. பிரிட்டிஷ் ராணுவத்துக்கு 1980 முதல் சிடபிள்யூசி என்ற சின்ன கம்பெனி கொடுத்த ஜி10 என்ற வாட்ச்சும் குவார்ட்ஸ்தான். வாரத்தில் இரண்டு நாள் மட்டும் வாட்ச் கட்டுகிறவராக இருந்தால் உங்களுக்கு அதுவே நல்லது. ஆட்டோமேட்டிக் வாங்கினால் ஒவ்வொரு முறையும் நின்றுபோன வாட்ச்சுக்கு நேரம் வைத்துக்கொண்டிருப்பீர்கள்.

மிஷின் பெயரைக் குறித்துக்கொண்டு, பணம் கட்டுவதற்கு முன், உங்கள் ஊர் ரிப்பேர் கடைக்கு ஒரு நடை போய் வாருங்கள். "என்எச்35 திறப்பீங்களா, உதிரி கிடைக்குமா" என்று கேளுங்கள். பெயரே தெரியாமல் விழித்தால் வேறு கடை பாருங்கள், எந்தக் கடையிலும் தெரியவில்லை என்றால் அந்த மிஷினை விட்டுவிடுங்கள். வாங்கியபின் கேட்பதைவிட இது எவ்வளவோ மேல்.

இன்னொரு நுணுக்கம். டயலில் தேதி இல்லை, ஆனால் உள்ளே தேதி உள்ள என்எச்35 என்றால், கிரவுனை இழுக்கும்போது ஒன்றுக்கும் உதவாத நடு நிலை ஒன்று வரும், ராத்திரி பன்னிரண்டு மணிக்கு உள்ளே யாரும் பார்க்காத தேதி மாறிக்கொண்டிருக்கும். கெடுதல் ஒன்றுமில்லை. ஆனால் என்எச்38 போன்ற தேதியே இல்லாத மிஷினைத் தேடிப் போட்டிருக்கும் கம்பெனி, பார்த்துப் பார்த்துச் செய்கிற கம்பெனி என்று நான் எடுத்துக்கொள்வேன்.

படி 3: கண்ணாடி, டயல், இருட்டு

மணல் என்பது குவார்ட்ஸ், அதன் கடினம் மோஸ் அளவில் 7. சாதாரண மினரல் கண்ணாடி அதைவிட மென்மையானது, சஃபையர் (செயற்கை நீலக்கல்) கண்ணாடி 9. அதனால்தான் சைட்டில் சட்டைக்கையால் தூசியைத் துடைத்தால் மினரல் கண்ணாடியில் மெல்லிய கீறல் விழும், சஃபையரில் விழாது. தூசியில் வேலை பார்ப்பவர்கள் யோசிக்கவே வேண்டாம், சஃபையர்தான். ஆனால் சஃபையர் ஓரத்தில் பலமாக அடிபட்டால் உடைந்துவிடும். அக்ரிலிக் என்ற பிளாஸ்டிக் கண்ணாடி கீறும், ஆனால் பாலிஷ் பேஸ்ட் வைத்து ஐந்து நிமிடம் துணியால் தேய்த்தால் கீறல் போய்விடும், உடைவதும் அபூர்வம். பழைய வளைந்த கண்ணாடித் தோற்றத்துக்காக அக்ரிலிக் போடும் கம்பெனிகளும் இருக்கின்றன, அது தரக்குறைவு இல்லை. கண்ணாடி வட்டமாக, சாதாரணமான அளவில் இருந்தால் எந்தக் கடையிலும் மாற்றலாம். விசேஷ வடிவம் என்றால் அந்தக் கம்பெனியை விட்டால் ஆளில்லை.

டயலில் நான் பார்ப்பது ஒன்றே ஒன்று. போட்டோவைப் போனில் தீப்பெட்டி அளவுக்குச் சுருக்கி, கையை நீட்டிப் பிடித்து, ஒரு நொடி பார்த்துவிட்டுக் கண்ணை மூடுங்கள். மணி என்ன என்று சொல்ல முடிகிறதா? மணி முள்ளும் நிமிட முள்ளும் ஏறக்குறைய ஒரே நீளத்தில் இருந்தாலோ, கறுப்பு டயலில் கண்ணாடிபோல மினுங்கும் முட்கள் இருந்தாலோ இந்தச் சோதனையில் தோற்றுவிடும். அது ஃபீல்டு வாட்ச்சே இல்லை.

ஒளிரும் பூச்சுக்கு சூப்பர்-லூமினோவா என்ற பெயரைப் பார்ப்பீர்கள். ஜப்பானின் நெமோட்டோ கம்பெனி 1993இல் கொண்டுவந்த லூமினோவாவிலிருந்து வந்தது. ஸ்ட்ரான்ஷியம் அலுமினேட் என்ற பொருள், வெளிச்சத்தைக் குடித்துவிட்டு இருட்டில் கக்கும், ரேடியம் பூசிய பழைய வாட்ச்கள்போலக் கதிரியக்கம் கிடையாது. சி3 என்றால் பச்சை, பிரகாசம் அதிகம். பிஜிடபிள்யூ9 பகலில் வெள்ளை, இருட்டில் நீலம். எந்த வகை என்பதைவிட எவ்வளவு தடிமனாகப் பூசியிருக்கிறார்கள் என்பதுதான் விஷயம், அது போட்டோவில் தெரியாது. வாங்கியவர்கள் யாராவது அதிகாலையில் எடுத்த படம் போட்டிருக்கிறார்களா என்று தேடுங்கள். விளக்கை அணைத்த அடுத்த நொடியில் எல்லா வாட்ச்சும் ஜொலிக்கத்தான் செய்யும்.

படி 4: கேஸும் தண்ணீரும்

316எல் ஸ்டீல் போதும். வியர்வை பட்டு மணிக்கட்டில் அரிப்பு, சிவப்புத் தடிப்பு வருகிறவர்கள் டைட்டானியம் பாருங்கள். ஸ்டீலில் நிக்கல் இருக்கிறது, வாட்ச் கேஸுக்குப் பயன்படும் டைட்டானியத்தில் இல்லை, எடையும் ஸ்டீலில் பாதியைவிடக் கொஞ்சம்தான் அதிகம். உதாரணத்துக்கு, சிங்கப்பூரின் போல்டர் கம்பெனியின் வெஞ்சர் மாடல்: 38 மி.மீ. டைட்டானியம் கேஸ், சஃபையர், என்எச்35, 200 மீட்டர் தண்ணீர்த் தாங்குதிறன், விலை 300 டாலர் வட்டாரத்தில். இந்த வழிகாட்டி கேட்கும் கேள்விகளுக்கெல்லாம் நேராகப் பதில் சொல்கிற வாட்ச் அது. ஆனால் மேல்பூச்சு இல்லாத டைட்டானியம் ஸ்டீலைவிடச் சீக்கிரம் தேய்ந்த மாதிரி ஆகும், அதை ஏற்றுக்கொள்கிற மனசு வேண்டும். அதே சிங்கப்பூரின் ஆர்இசட்இ, அமெரிக்காவின் டிராஸ்கா போன்றவர்கள் கீறல் விழாமல் இருக்க கேஸைக் கடினமாக்கித் தருகிறார்கள்.

30 மீட்டர் என்று போட்டிருந்தால் 30 மீட்டர் ஆழம் போகலாம் என்று அர்த்தமில்லை. கை கழுவும்போது தெறிக்கும் தண்ணீர், அவ்வளவுதான். மழையில் வண்டி ஓட்டுவதற்கு 50, கிணற்றிலோ ஆற்றிலோ குதித்துக் குளிப்பவர்களுக்கு 100. கிரவுன் மரைபோட்டு இறுக்கும் வகையாக இருந்தால் நல்லது, இறுக்க மறக்காத பழக்கம் இருந்தால்தான்.

ஸ்ட்ராப் அகலம் 18, 20, 22 என்று இரட்டைப்படையில் இருக்கட்டும். 20 இருந்தால் எந்த ஊரிலும் ஸ்ட்ராப் கிடைக்கும். 19 என்றால் ஒவ்வொரு முறையும் அலைய வேண்டும், அவர்களுடைய செயின் மட்டுமே சேர்கிற மாதிரி விசேஷக் கொம்பு வைத்திருந்தால் கம்பெனி மூடிய நாளோடு கதை முடிந்தது.

படி 5: கம்பெனியை விசாரியுங்கள்

பெண் பார்க்கப் போவதற்கு முன் நான்கு பேரிடம் விசாரிப்பதில்லையா, அந்த அளவுக்கு விசாரிக்கலாம். அடிபட்ட அந்த வாட்ச்சை வாங்கும்போது வெப்சைட்டில் இருந்த படங்கள் எல்லாமே கம்ப்யூட்டரில் வரைந்தவை, கையில் கட்டிய போட்டோ ஒன்றுகூட இல்லை, நான் கவனிக்கவே இல்லை. நிழல் இல்லாமல், தூசி இல்லாமல், எல்லாக் கோணத்திலும் ஒரே வெளிச்சத்தில் மினுங்கினால் அது வரைந்த படம். நிஜ வாட்ச்சின் போட்டோ வரும்வரை காத்திருங்கள்.

கம்பெனி எத்தனை வருடமாக இருக்கிறது, இது எத்தனையாவது மாடல், முதல் மாடலுக்கு இன்றும் உதிரி விற்கிறார்களா என்று பாருங்கள். முன்பணம் வாங்கிக்கொண்டு ஆறு மாதம் கழித்துத் தருகிறேன் என்பவர்களைவிடக் கையிருப்பில் வைத்து விற்பவர்களிடம் முதல் வாட்ச்சை வாங்குவது நிம்மதி. வாரண்டி ஒரு வருடமா இரண்டா என்பதோடு, பழுதானால் அனுப்பும் செலவு யாருடையது என்பதையும் படியுங்கள். இந்தியாவிலிருந்து அமெரிக்காவுக்கு இன்சூரன்ஸோடு அனுப்பும் செலவு, வாட்ச் விலையில் நல்ல ஒரு பங்கைத் தின்றுவிடும்.

அப்புறம் ஒரு மெயில் போடுங்கள். "கொம்பு முதல் கொம்பு வரை எத்தனை மி.மீ., மிஷினின் எந்த வகை, ரப்பர் வளையம் தனியாகக் கிடைக்குமா" என்று மூன்று கேள்வி போதும். இரண்டு மூன்று பேர் நடத்தும் கம்பெனியில் பெரும்பாலும் வாட்ச்சை வடிவமைத்தவரே பதில் போடுவார். சின்ன கம்பெனியிடம் வாங்குவதில் எனக்கு மிகவும் பிடித்ததே இதுதான். ஒருமுறை ஒருவர் என் மணிக்கட்டு அளவைக் கேட்டுவிட்டு, "உங்களுக்கு இது பெரிதாக இருக்கும், சின்ன மாடல் ஆறு மாதத்தில் வருகிறது, பொறுங்கள்" என்று எழுதினார். பொறுத்தேன். இன்று கையில் இருப்பது அந்தச் சின்ன மாடல்தான். ஒரு வாரம் ஆகியும் பதில் வரவில்லை என்றால், பணம் கட்டியபிறகும் வராது.

கடைசியாக, அதே பணத்துக்குப் பெரிய பிராண்டில் என்ன கிடைக்கும் என்றும் பார்த்துவிடுங்கள். செய்கோ 5இல் ஃபீல்டு வகைகள் உண்டு, இன்னும் கொஞ்சம் சேர்த்தால் ஹாமில்டன் காக்கி ஃபீல்டு 38 மி.மீ. வரும். அவற்றைவிட உங்கள் தாளுக்கு அதிகம் பொருந்தினால் மட்டும் சின்ன கம்பெனிக்குப் போங்கள்.

படி 6: கஸ்டம்ஸ் கணக்கு

வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் இறக்குமதி வரி உண்டு. வாட்ச் விலை, அனுப்பும் கூலி, இன்சூரன்ஸ் மூன்றையும் கூட்டி அதன்மேல் போடுவார்கள், கூரியர்காரரின் கட்டணம் தனி. விகிதம் அவ்வப்போது மாறுவதால் ஆர்டர் போடும் வாரத்திலேயே கூரியர் கம்பெனியில் கேட்டுக்கொள்ளுங்கள். "பரிசு என்று எழுதி, விலையைக் குறைத்துப் போடுகிறேன்" என்று விற்பவர் சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அது பொய்க்கணக்கு, பார்சல் தொலைந்தால் இன்சூரன்ஸும் அந்தக் குறைந்த விலைக்குத்தான் கிடைக்கும். அடையாளச் சான்று கேட்டு மெயில் வரும், தாமதிக்காமல் அனுப்புங்கள், இல்லாவிட்டால் பார்சல் அங்கேயே கிடக்கும். வாரண்டிக்காகத் திருப்பி அனுப்பினால், பழுதுபார்க்கத்தான் அனுப்புகிறோம் என்று காட்டும் காகிதங்களை எடுத்து வையுங்கள். அவை இல்லாமல் திரும்பி வந்தால் மறுபடி வரி கேட்பார்கள். பெங்களூரு வாட்ச் கம்பெனி போன்ற உள்நாட்டுச் சின்ன பிராண்டுகளில் இந்தத் தொல்லை இல்லை, ஆனால் விலை நம் பட்ஜெட்டைத் தாண்டக்கூடும்.

படி 7: பார்சல் வந்த அன்று

பெட்டியைப் பிரிப்பதை போனில் ஒரே வீடியோவாக எடுங்கள். பிளாஸ்டிக் தாளை உரிக்காதீர்கள், ஸ்ட்ராப்பைத் தொடாதீர்கள், திருப்பி அனுப்ப வேண்டிவந்தால் புதிதாக இருந்தால்தான் எடுப்பார்கள்.

கிரவுனைத் திறந்து, மேல்பக்கமாக 20 சுற்று சாவி கொடுங்கள். வினாடி முள் ஓட ஆரம்பிக்கும். பிறகு கிரவுனைக் கடைசி நிலைவரை இழுத்து முட்களை மெதுவாகச் சுற்றி 6 மணிக்குக் கொண்டுவாருங்கள். மணி முள்ளும் நிமிட முள்ளும் மேலும் கீழுமாக ஒரே கோட்டில் நிற்க வேண்டும். 12இலும் ஒன்றன்மேல் ஒன்று உட்கார வேண்டும். அரை நிமிடக் கோடு அளவுக்கு விலகினால் நான் விட்டுவிடுவேன், அதற்குமேல் விலகினால் படம் எடுத்து அனுப்பி மாற்றித் தரக் கேட்பேன். தேதி இருந்தால் 12 மணியைத் தாண்டும்போது எந்த நிமிடத்தில் மாறுகிறது என்று பாருங்கள். இரவு 9 முதல் அதிகாலை 4 வரை தேதியை வேகமாக மாற்றும் நிலையில் கிரவுனைத் திருகவே கூடாது, அந்த நேரத்தில் பல்சக்கரம் பிடித்துக்கொண்டிருக்கும், பல் உடையும். இது முதல் நாளோடு முடிவதில்லை, எப்போதைக்குமான விதி.

டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துக் கண்ணாடிக்கு உள்ளே தூசி, நூல், விரல்ரேகை இருக்கிறதா பாருங்கள். கிரவுனை இறுக்கும்போது மரை முதல் சுற்றிலேயே வழுக்கிக்கொண்டு பிடிக்க வேண்டும். கொரகொரவென்று வந்தால் பலம் போடாதீர்கள். பின்பக்கமாக ஒரு சுற்று சுற்றி, மரை விழும் அந்தச் சின்ன 'டிக்' விரலில் தெரிந்த பிறகு முன்பக்கமாக இறுக்குங்கள். அப்படியும் கொரகொரத்தால் அது குறைபாடு.

படி 8: முதல் வாரம்

போனில் உள்ள நேரத்தோடு வினாடி வரை சரியாக வைத்து, தினம் ஒரே நேரத்தில் எவ்வளவு வித்தியாசம் என்று ஒரு வாரம் எழுதுங்கள். ஒருநாள் கணக்கு எதையும் சொல்லாது. ஏழு நாள் கூட்டி ஏழால் வகுத்தால் கிடைப்பதுதான் உங்கள் வாட்ச்சின் நடை. முந்துகிறதா, ராத்திரி கழற்றும்போது கிரவுன் மேலே பார்க்கிற மாதிரி, கீழே பார்க்கிற மாதிரி, டயல் மேலே பார்க்கிற மாதிரி என்று இரண்டிரண்டு இரவு மாற்றி வைத்துப் பாருங்கள். எந்த நிலையில் பின்தங்குகிறதோ அந்த நிலையில் தூங்க வைத்தால் பகலில் முந்துவது ஓரளவு சரியாகிவிடும், வாட்ச்சைத் திறக்கவே வேண்டாம்.

திடீரென்று ஒருநாள் நிமிடக்கணக்கில் முந்த ஆரம்பித்தால் காந்தம் ஏறிவிட்டது என்று சந்தேகப்படுங்கள். ஸ்பீக்கர், காந்தம் வைத்த போன் கவர், டேப்லெட் உறை, இவைதான் காரணம். ஒரு திசைகாட்டியின் பக்கத்தில் வாட்ச்சைக் கொண்டுபோனால் ஊசி திரும்புகிறதா பாருங்கள். காந்தம் எடுக்கும் சின்ன மிஷின் சில நூறு ரூபாய்தான், ரிப்பேர் கடையில் ஒரு நிமிட வேலை.

படி 9: ஸ்ட்ராப்பை மாற்றுங்கள்

பெட்டியில் வரும் தோல் ஸ்ட்ராப்பை மார்கழி, தை மாதங்களுக்கு எடுத்து வையுங்கள். நம் வெயிலில், வியர்வையில் தோல் நாறிப்போகும், உள்பக்கம் வெடிக்கும். நைலான்தான் சரி. பிரிட்டிஷ் ராணுவத்தின் ஜி10 ஸ்ட்ராப், இன்று நேட்டோ ஸ்ட்ராப் என்று விற்கப்படுவது, கொம்புகளுக்கு நடுவில் உள்ள இரண்டு பின்களிலும் நுழைந்து வாட்ச்சுக்கு அடியில் ஒரே பட்டையாக ஓடும். ஒரு பின் தெறித்தாலும் வாட்ச் மற்றொன்றில் தொங்கிக்கொண்டிருக்கும், கீழே விழாது. சாரத்தில் உயரமாக நின்று வேலை செய்கிறவர்களுக்கு இந்த ஒரு காரணமே போதும்.

மாற்றுவது சுலபம். மெத்தென்ற துணியை விரித்து வாட்ச்சைக் கவிழ்த்து வையுங்கள். கொம்பின் உள்பக்கம் கீறாமல் இருக்க செலோடேப் ஒட்டுங்கள். பின் கழற்றும் கருவியின் கவட்டை நுனியை ஸ்ட்ராப்புக்கும் கொம்புக்கும் நடுவில் விட்டு, பின்னின் விளிம்பைப் பிடித்து உள்பக்கமாகத் தள்ளித் தூக்குங்கள். மற்றொரு கை விரலை மேலே வைத்து மூடிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் பின் பறந்து கட்டிலுக்கு அடியில் போய்விடும். கொம்பில் வெளிப்பக்கம் வரை துளை இருந்தால் இன்னும் எளிது, வெளியிலிருந்தே ஊசியால் அழுத்தினால் போதும். திரும்பப் போடும்போது இரு முனையும் துளைக்குள் 'டக்'கென்று விழுந்ததா என்று ஸ்ட்ராப்பைப் பிடித்து நன்றாக ஒரு இழு இழுத்துப் பாருங்கள். இந்த ஒரு இழுப்பைச் சோம்பேறித்தனத்தில் விட்டு, ஒருநாள் இரண்டாவது மாடியிலிருந்து வாட்ச் மணல்மேட்டில் விழுந்தது. மணலானதால் பிழைத்தது.

படி 10: அப்புறம் வருடங்கள்

வாரம் ஒருமுறை நைலான் ஸ்ட்ராப்பைக் கழற்றிச் சோப்புத் தண்ணீரில் அலசிக் காயப் போடுங்கள். கிரவுன் இறுகியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பழைய டூத் பிரஷ்ஷால் கொம்புகளின் இடுக்கை, பின்மூடியின் ஓரத்தைத் தேய்த்துக் கழுவுங்கள், வியர்வை உப்பு சேருவது அங்கேதான். வெந்நீர்க் குளியலுக்கு வாட்ச் வேண்டாம், சூடும் சோப்பும் ரப்பர் வளையத்தைக் கெடுக்கும்.

ஒழுங்காக ஓடுகிற மிஷினைத் தொட வேண்டாம். ஐந்தாறு வருடம் கழித்து நடை மாறினால், சாவி நிற்காமல் போனால் சர்வீஸுக்குக் கொடுங்கள். என்எச்35 என்றால் பிரித்துக் கழுவி எண்ணெய் போடும் கூலியைக் கேட்டுவிட்டு, புது மிஷினையே மாற்றினால் எவ்வளவு என்றும் கேளுங்கள், பல நேரம் புதுசு மலிவாக இருக்கும்.

பின்மூடியை யார் எதற்காகத் திறந்தாலும், மூடும்போது ரப்பர் வளையத்தை மாற்றச் சொல்லி, தண்ணீர் அழுத்தச் சோதனை செய்யும் கருவி அவரிடம் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லை என்றால் அந்த வாட்ச்சை மழையில் நனைக்காதீர்கள். நான் வருடா வருடம் புரட்டாசி கடைசியில், ஐப்பசி மழை பிடிப்பதற்கு முன், மூன்றையும் எடுத்துக்கொண்டு போய்ச் சோதித்துவிடுகிறேன். போன வருடம் ஒன்றில் கண்ணாடிக்கு உள்ளே, 4 மணிப் பக்கம், நகக்கண் அளவுக்கு ஆவி படிந்திருந்தது. கிரவுன் வளையம் காய்ந்து விறைத்துப் போயிருந்தது. பெரியவர் வேறு டப்பாவிலிருந்து அதே அளவு வளையம் ஒன்றை எடுத்து, சிலிகான் தடவிப் போட்டு, 80 ரூபாய் வாங்கிக்கொண்டார்.